உறையைச் சாகடிப்பது டைதான்: ரைஃபிள் கேஸ் ரீசைசிங்கில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி தோட்டாவாகக் கட்டுகிறவர்கள், உறை சீக்கிரம் வீணாகிவிட்டால் முதலில் வெடிமருந்தின் மேல் பழி போடுவார்கள், அடுத்து உறையைச் செய்த கம்பெனி மேல். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை. சுடும்போது உறை, துப்பாக்கியில் தோட்டா அமரும் குழியான சேம்பரின் அளவுக்கு விரிகிறது. அதைப் பழைய அளவுக்கு அழுத்தும் (ரீசைசிங்) அச்சான டைக்குள் போகும்போது தேவைக்கு மேல் சுருங்குகிறது. அடுத்த முறை சுடும்போது அத்தனை தூரமும் திரும்ப விரிந்தாக வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் அதே கதைதான். எவ்வளவு வளைகிறது என்பதை டை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கீழே உள்ளவை சட்ட அனுமதியோடு தோட்டா கட்டுகிறவர்களுக்கானவை. மருந்தின் அளவைப் பற்றி இங்கே எதுவும் இல்லை; அதற்கு மருந்து தயாரிப்பாளரின் அட்டவணை ஒன்றுதான் வழி.

அளவுகள் அங்குலத்தில் இருக்கின்றன, ஏனென்றால் டைகளும் கேஜ்களும் அப்படித்தான் வருகின்றன. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கடைசல்காரர்கள் 'தௌ' என்பார்கள், 0.0254 மில்லிமீட்டர். இனி அந்தச் சொல்லே வரும்.

கையில் இருக்க வேண்டியவை: அரை தௌவாவது காட்டும் காலிப்பர், தோள் (உறையின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) எங்கே இருக்கிறது என்று அளக்க அதில் பொருத்தும் கம்பேரேட்டர், உறையின் நீளம் வெட்டும் டிரிம்மர், நேராக்கிய ஒரு பேப்பர் கிளிப், மார்க்கர் பேனா. கம்பேரேட்டர் இல்லாமல், உடல், தோள், கழுத்து மூன்றையும் அழுத்தும் ஃபுல் லெங்த் டையைச் சரியாக அமைப்பது குருட்டு வேலை. பணம் போடுவதானால் உறையை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸை விட முதலில் அதில் போடுங்கள்.


அறிகுறி: அடிக்குச் சற்று மேலே வெளிர் வளையம், அல்லது உறை இரண்டாகப் பிரிந்து வருகிறது

இதுதான் மிக ஆபத்தானது, தவிர்க்க மிக எளிதானதும் இதுவே.

நடப்பது இது. தோள் அதிகம் பின்னுக்குத் தள்ளப்பட்ட உறை சேம்பருக்குள் முன்னும் பின்னும் ஆடும். ஃபயரிங் பின் தட்டியதும் உறை முன்னே போய்த் தோளில் முட்டி நிற்கிறது. உறையின் அடிப்பகுதிக்கும், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. அழுத்தம் ஏறும்போது உறையின் முன்பகுதி மெல்லியது என்பதால் சேம்பர் சுவரில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அடிப்பகுதி கனமானது, அது ஒட்டாமல் பின்னே நகர்ந்து போல்ட்டில் முட்டுகிறது. இடைவெளி 6 தௌ என்றால் அந்த 6 தௌ நீட்சியும் கனமான அடியும் மெல்லிய சுவரும் சேரும் குறுகிய பட்டையில்தான் நடக்கும். அடுத்து டை தோளை மறுபடி 6 தௌ பின்னுக்குத் தள்ளுகிறது. நாலைந்து சுற்றில் உள்ளே ஒரு பள்ளம் விழுந்துவிடும். வெளியே வெளிர் கோடாகத் தெரிவது அதன் நிழல்தான்.

ஆனால் வளையம் எல்லாமே இது அல்ல. டையின் வாய் எட்டும் இடத்தில், சுருங்கிய பகுதிக்கும் சுருங்காத பகுதிக்கும் நடுவே ஒரு பளபளப்பான படி எப்போதும் தெரியும்; அது தீங்கற்றது. குழப்பத்தைத் தீர்க்க பேப்பர் கிளிப் போதும். நுனியில் 2 முதல் 3 மில்லிமீட்டரை நேர்கோணமாக மடக்கி, அரத்தால் கூராக்குங்கள். உறைக்குள் அடிவரை விட்டு, சுவரோடு அழுத்தி மெதுவாக மேலே இழுங்கள். அடியிலிருந்து கால் அங்குலம் முதல் அரை அங்குலத்துக்குள் நுனி ஒரு குழியில் விழுந்து ஏறினால் உறை முடிந்தது. விரல் சொல்வதை நம்ப முடியாவிட்டால் ஒரு உறையை நெடுக்காக ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். ஒன்றில் பள்ளம் இருந்தால், அதோடு சேர்ந்து அத்தனை முறை சுடப்பட்ட மொத்தக் கட்டும் குப்பைக்குத்தான். பள்ளம் விழுந்த உறையைக் காப்பாற்றும் வேலை எதுவும் இல்லை.

இன்னொரு துப்பு: குறைந்த அழுத்தத் தோட்டாவைச் சுட்ட பிறகு பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அடியிலிருந்து வெளியே துருத்தி நின்றால், அந்தத் துருத்தல்தான் கிட்டத்தட்ட அந்த இடைவெளி. அழுத்தம் குறைவு என்பதால் அடி பின்னே இழுபடவில்லை. பிரைமர் மட்டும் நகர்ந்திருக்கிறது.

துப்பாக்கிக்குள்ளேயே உறை பிரிந்துவிட்டால் முன்பாதி சேம்பரில் தங்கிவிடும். அடுத்த தோட்டாவை அதன் மேல் ஏற்றித் தள்ளி எடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மேகசினைக் கழற்றி, உடைந்த உறை எடுக்கும் கருவியால் எடுங்கள். பிரியும்போது வெந்த வாயு முகத்தை நோக்கி வரலாம் என்பதால் கண்ணாடி இல்லாமல் சுடுவது எப்போதுமே தவறு.

*திருத்தம்: டையைச் சேம்பருக்கு ஏற்ப அமைத்தல்*

டையோடு வரும் தாள், உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி அதற்கு மேலும் கால் சுற்று திருகச் சொல்லும். யார் துப்பாக்கியிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்கான அறிவுரை அது. டையின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 71 தௌ. கால் சுற்று ஏறக்குறைய 18 தௌ. அதில் ஒரு பகுதியைப் பிரஸ்ஸின் வளைவு தின்றுவிடும் என்றாலும், மீதி நேராகத் தோளில்தான் போய் இறங்குகிறது. நமக்குத் தேவையோ 1 முதல் 2 தௌ.

1. அதே துப்பாக்கியில் சுட்ட ஐந்து உறைகளை எடுத்து, பிரைமரை மட்டும் தட்டி எடுங்கள். பிரைமர் இருந்தால் அதன் துருத்தல் அளவைக் கெடுக்கும். வாயில் சொரசொரப்பு இருந்தால் அதையும் நீக்குங்கள். ஒரே முறை சுட்ட உறை பல நேரம் சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று முறை சுட்டு, போல்ட் மூடும்போது லேசாக உரசத் தொடங்கிய உறைதான் உண்மையான அளவைச் சொல்லும்.

2. கம்பேரேட்டரில் தோள்வரை அளந்து, ஐந்தில் நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் உங்கள் காலிப்பருக்கும் கம்பேரேட்டருக்கும் மட்டும் பொருந்துவது. வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடப் பயன்படாது.

3. டையை ஷெல் ஹோல்டர் தொடும்வரை இறக்கி, பிறகு அரைச் சுற்று மேலே ஏற்றுங்கள். மசகு தடவிய உறையை உள்ளே அனுப்பி, எடுத்து, துடைத்து, அளங்கள்.

4. முதலில் எண் *கூடும்*. பயப்பட வேண்டாம். டை உடலை நெருக்கும்போது பித்தளைக்குப் போக இடமில்லாமல் தோள் முன்னே பிதுங்குகிறது. 2 முதல் 4 தௌ வரை இப்படி வளர்வது சகஜம். அரைகுறையாக இறக்கிய டையிலிருந்து வந்த உறை சுட்டபோது இருந்ததை விட இறுக்கமாக நுழைவது இதனால்தான்.

5. எட்டில் ஒரு சுற்று, அதாவது 9 தௌ வீதம் இறக்குங்கள். எண் குறையத் தொடங்கியதும் நிதானம். 5 பாகை திருப்பினால் 1 தௌ. டையின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டால் கண்ணுக்கே பிடிபடும். ஒவ்வொரு சோதனைக்கும் புது உறை. ஒரே உறையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எண் பொய் சொல்லும்.

6. குறித்த எண்ணை விட 1 முதல் 2 தௌ குறைந்ததும் நிறுத்துங்கள். உறையை ஏற்றி இறக்கும் பிரஸ்ஸின் ராம் தண்டை உறையோடு மேலே வைத்தபடியே பூட்டு வளையத்தை இறுக்குங்கள். அப்போதுதான் மரை சுமையேறிய நிலையில் உட்காரும்.

7. மீதி உறைகளில் மூன்றை அனுப்பிச் சரிபாருங்கள். ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிய போல்ட்டில் வெற்று உறையை வைத்தால் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழ வேண்டும்.

போல்ட் ஆக்ஷன் துப்பாக்கிக்கு இது. தானாக ஏறும் துப்பாக்கிக்கு 3 முதல் 5 தௌ விடுங்கள், அங்கே கஞ்சத்தனம் கூடாது. அது தோட்டாவைக் கைபோல உணர்ந்து மூடாது. போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றால் உறையின் ஆயுளைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்காது. அதே காரணத்தால் கழுத்தை மட்டும் சுருக்கும் டை அங்கே உதவாது.

அடியில் தடித்த வளையம் (பெல்ட்) வைத்த மேக்னம் உறைகளும் .303 பிரிட்டிஷ் போன்ற விளிம்பு உறைகளும் இதே நோய்க்குப் பேர்போனவை. காகிதத்தில் அவற்றின் ஹெட்ஸ்பேஸ், அதாவது உறையைச் சேம்பரில் நிறுத்தும் அளவு, பெல்ட்டிலோ விளிம்பிலோ நிற்கிறது. தோளுக்கு முன்னால் சேம்பரில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். முதல் சுடலிலேயே தோள் வெகுதூரம் முன்னே போய்விடும். அதைப் பழைய இடத்துக்குத் திரும்பத் தள்ளுவதுதான் தவறு. முதல் சுடலுக்குப் பிறகு பெல்ட்டை மறந்துவிட்டு, தோளையே நிறுத்தமாக வைத்து மேற்சொன்ன ஏழு படிகளையும் செய்யுங்கள். .303 சுடுகிறவர்கள் சிலர் புது உறையின் விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றை மாட்டி முதல் முறை சுடுவார்கள்; அடி போல்ட்டோடு ஒட்டி நிற்பதால் முதல் நீட்சியே குறைகிறது. பார்க்க விளையாட்டுப் போல இருக்கும், காரணம் சரியானதே.

ராணுவ உறைகளை வாங்கிப் பயன்படுத்தினால், அவை எந்தச் சேம்பரில் சுடப்பட்டன என்று தெரியாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதானால் ஏற்கெனவே நன்றாக நீண்டிருக்கும். முதல் அழுத்தலுக்கு முன்பே கிளிப்பால் தடவிப் பார்த்துவிடுங்கள்.


அறிகுறி: அழுத்திய உறையிலும் போல்ட் மூட இறுகுகிறது

டையை இன்னும் இறக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் எங்கே பிடிக்கிறது என்று கேளுங்கள். உறை முழுதும் மார்க்கரால் கருப்பாக்கி, காய்ந்ததும் போல்ட்டை மூடித் திறந்து, மை எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தோளில் தேய்ந்திருந்தால் தோள் போதுமான அளவு பின்னே போகவில்லை. டையை 5 பாகை இறக்குங்கள். ஷெல் ஹோல்டர் ஏற்கெனவே இறுக முட்டுகிறது, ஆனாலும் தோள் அசையவில்லை என்றால், உறையோடு ராம் மேலே இருக்கும்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வெறும் ராமில் முட்டுவது வேறு, சுமையில் முட்டுவது வேறு. பிரஸ் சில தௌ வளைந்து கொடுக்கும். வெளிச்சம் தெரியாமலும் போதவில்லை என்றால் வேறொரு ஷெல் ஹோல்டரை மாற்றிப் பாருங்கள். அதன் மேல்தளத்தின் உயரம் 0.125 அங்குலம் என்பது வழக்கம், ஆனால் சிறு வேறுபாடுகள் உண்டு. அதுவும் பலிக்காவிட்டால் ஷெல் ஹோல்டரின் மேல்முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்து 2 முதல் 3 தௌ குறைக்கலாம். டையைத் தேய்ப்பதை விட இது மலிவு. கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: முட்டும்வரை இறக்கினாலே தோள் அதிகம் போகிறது, ஏற்றினால் அளவு நிலையாக இல்லை. ரெட்டிங் போன்றவர்கள் 2, 4, 6, 8, 10 தௌ உயரம் கூடிய ஷெல் ஹோல்டர்களைத் தொகுப்பாகத் தருகிறார்கள். டையை இறுக முட்டவிட்டு, ஹோல்டரை மாற்றியே அளவைப் பிடிக்கலாம்.

வாய் நுனியில் தேய்ந்திருந்தால் உறை நீளம் கூடிவிட்டது. நீளம் பற்றிய பகுதியைப் பாருங்கள், அதுவரை அந்த உறையைச் சுடாதீர்கள். அடிக்குச் சற்று மேலே, எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தையொட்டித் தேய்ந்திருந்தால் சாதாரண டை அந்த இடத்தை எட்டவில்லை. உறை அகலமான வேறொரு சேம்பரில் சுடப்பட்டிருக்கும், அல்லது அழுத்தம் மிகுந்திருக்கும். முதலாவதற்கு அடிப்பக்கத்தை இன்னும் இறுக்கும் ஸ்மால் பேஸ் டை தீர்வு. இரண்டாவதற்கு டையில் தீர்வு இல்லை. மருந்தளவைக் குறைக்க வேண்டும்.

வெற்று உறை தாராளமாக மூடி, குண்டு வைத்த பிறகு இறுகினால் டையின் மேல் குற்றமில்லை. குண்டு ரைஃபிளிங்கை (குழலின் உள்வரிகளை) தொடுகிறது, அல்லது கழுத்து தடித்திருக்கிறது, அல்லது உறையின் வாயைக் குண்டின் மேல் நெரிக்கும் கிரிம்ப் இறுக்கத்தில் தோளுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பிதுக்கம் விழுந்திருக்கிறது. கழுத்தின் தடிப்பைச் சோதிக்க எளிய வழி: சுட்டு, இன்னும் அழுத்தாத உறையின் வாயில் ஒரு குண்டைக் கையால் விடுங்கள். தடையின்றி உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லை என்று பொருள், அழுத்தம் எகிறும். வாயில் நுழைந்து கழுத்தின் அடியில் மட்டும் தடுத்தால், தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் உட்புறம் பித்தளை திரண்டு வளையம் கட்டியிருக்கிறது. டோனட் என்பார்கள். ரீமரால் சுரண்டி எடுக்கலாம், அல்லது குண்டின் அடி அந்த வளையத்தை எட்டாதபடி வெளியே தள்ளி வைக்கலாம்.


அறிகுறி: டையைத் தொடவே இல்லை, தோள் அளவு உறைக்கு உறை 3, 4 தௌ மாறுகிறது

பித்தளை எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு வில்போல மீண்டு வரும். இரண்டு முறை சுட்டதையும் எட்டு முறை சுட்டதையும் ஒரே பெட்டியில் கலந்தால் ஒரே டை இரண்டு எண்களைத்தான் தரும். எனவே முதல் வேலை, கட்டுக்கட்டாகப் பிரித்து வைப்பது: ஒரே அடிமுத்திரை, ஒரே சுடல் எண்ணிக்கை. பெட்டிமேல் கோடு போட்டு எண்ணுங்கள்.

அடுத்தது மசகு. ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இருந்தால் பிரஸ் வளைவும் மாறும், அளவும் மாறும். மூன்றாவது, ராமை மேலே கொண்டுபோனதும் உடனே இறக்கிவிடாமல் ஒவ்வொரு உறைக்கும் நாலைந்து நொடி நிறுத்துங்கள். மீள்வு குறைந்து எண்கள் நெருங்கி வரும். இவ்வளவும் செய்தபின்னும் சிதறினால், பித்தளையைச் சூடாக்கி இளக்கும் அனீலிங்குக்குக் காலம் வந்துவிட்டது.

டையின் நடுத் தண்டில் இருந்து கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையையும் சந்தேகப்படுங்கள். ராம் இறங்கும்போது உருண்டை கழுத்துக்குள் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தால், அது தோளையும் கூடவே முன்னே இழுத்து வருகிறது. டை சரியாகத் தள்ளிய 2 தௌவை உருண்டை திருப்பி எடுத்துக்கொள்ளும். தண்டைக் கழற்றிவிட்டு இரண்டு உறைகளை அழுத்தி அளந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.


அறிகுறி: கழுத்தில் நெடுக்குப் பிளவு

பிளந்த உறையைத் தூக்கிப் போடுங்கள். மீதியைக் காப்பாற்றலாம்.

கழுத்துதான் உறையில் அதிகம் உழைக்கும் இடம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு .308 உறையின் சுட்ட கழுத்து வெளிவிட்டம் 0.343, குண்டு வைத்த கழுத்து 0.336 என்று வைத்துக்கொள்வோம். குண்டைப் பிடிக்க 2 தௌ இறுக்கம் போதும், கழுத்து 0.334க்கு வந்தால் சரி. அதாவது 9 தௌ சுருக்கம். ஆனால் எல்லா உறைத் தடிப்புக்கும் ஒத்துவர வேண்டும் என்று செய்த டை 0.328 வரை இறுக்கிவிட்டு, உருண்டையால் 6 தௌ திரும்ப விரிக்கும். 15 கீழே, 6 மேலே, மொத்தம் 21. தேவைப்பட்டதை விட இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு, ஒவ்வொரு சுற்றிலும்.

கழுத்தை அழுத்தும் வளையத்தை (புஷ்ஷிங்) வேண்டிய அளவுக்கு மாற்றக்கூடிய புஷ்ஷிங் டை இதைக் குறைக்கும். குண்டு வைத்த கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, அதிலிருந்து 2 அல்லது 3 தௌ குறைவான புஷ்ஷிங்கை எடுங்கள். உருண்டையைக் கழற்றிவிடலாம், அல்லது கடைசி 1 தௌவுக்கு மட்டும் தனி மாண்ட்ரல் (கழுத்துக்குள் நுழையும் வழவழப்பான உருளைக் கம்பி) விடலாம். லீயின் காலட் டை வேறு வழியில் போகிறது: உள்ளே மாண்ட்ரல், வெளியே விரல்கள், உறை இழுபடுவதே இல்லை, மசகும் வேண்டாம். அது கழுத்தை மட்டும்தான் தொடும் என்பதால் சில சுடலுக்கு ஒருமுறை தோளை வேறு டையால் தள்ள வேண்டிவரும். பழைய டைதான் இருக்கிறது என்றால், கழுத்தின் உட்புறத்தில் உலர்ந்த கிராஃபைட் அல்லது மைக்கா தூளைத் தூரிகையால் பூசுவதே பாதி நன்மை தரும்.

*அனீலிங்*

தோட்டா உறை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இரும்புபோல் குளிரவைத்து இறுக்க முடியாது. அடித்தால் இறுகும், சூடாக்கினால் இளகும், அவ்வளவுதான். கழுத்தையும் தோளையும் சில நொடிகள் 400 பாகை செல்சியஸுக்குக் கொண்டுபோனால் போதும். அடிப்பகுதி இளகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். எனவே ஓவன் அடுப்பில் வைப்பது, தட்டில் அடுக்கி மொத்தமாகச் சூடாக்குவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. அடி இளகிய உறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

உறையின் அடியை ஆழமான சாக்கெட்டில் வைத்து, டிரில்லில் மெதுவாகச் சுற்றியபடி, டார்ச் சுடரின் நீல நுனியைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்டுங்கள். நேரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். 400 பாகையில் உருகும் வெப்பக்குறி மையைக் கழுத்தின் உள்ளேயும், 250 பாகைக்கானதை தோளுக்குக் கால் அங்குலம் கீழேயும் தடவி இரண்டு மூன்று கழிவு உறைகளில் சோதியுங்கள். மேல் மை உருகி, கீழ் மை உருகாத நொடிதான் உங்கள் நொடி. பெரும்பாலும் 4 முதல் 8 வரை வரும். சுடர் மாறினால் நேரமும் மாறும். கழுத்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிவிட்டால் தாண்டிப்போய்விட்டது. அந்தக் கழுத்து குண்டைப் பிடிக்காது. தண்ணீரில் போடுவது பதத்துக்காக அல்ல, வெப்பம் அடிக்கு இறங்காமல் தடுக்க மட்டுமே. சாக்கெட்டில் வைத்திருந்தால் அது தேவையே இல்லை.

மூன்று நான்கு சுடலுக்கு ஒருமுறை செய்தால் போதும். எப்போதும் அழுத்துவதற்கு *முன்பு* செய்யுங்கள். பின்பு செய்தால் தோளின் மீள்வில் கிடைக்கும் பயன் போய்விடும்.

குண்டு வைத்துப் பெட்டியில் இருந்தபோதே, சுடாமலேயே கழுத்து பிளந்திருந்தால் கதை வேறு. இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் அம்மோனியா விரிசல் விழச் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படி விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்ததும் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும்தான் காரணம் என்று பின்னால் விளங்கியது. ஆகவே அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் உறைப் பக்கமே வரக்கூடாது.


அறிகுறி: இரண்டு சுடலுக்கு ஒருமுறை நீளம் வெட்ட வேண்டியிருக்கிறது

வெட்டி எறியும் அந்தப் பித்தளை எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து இல்லை. உடலிலிருந்தும், அடிக்கு மேலே மெலியும் அந்தப் பட்டையிலிருந்தும்தான். வெட்டும் வேகம் கூடியிருந்தால் முதல் அறிகுறிக்குப் போய்த் தோளை அளங்கள். டை சரியானதும் இதுவும் பாதியாகக் குறையும். அதற்குப் பிறகும் நீண்டால் எக்ஸ்பாண்டர் உருண்டையின் இழுப்பைப் பாருங்கள்.

தோள் சரிவாக இருக்கும் உறைகள் இயல்பாகவே அதிகம் நீளும். .30-06இன் தோள் 17.5 பாகை, .308க்கு 20, 6.5 கிரீட்மோருக்கு 30. செங்குத்தாக ஆக ஆக முன்னோட்டம் குறையும்.

அளப்பது எப்போதும் அழுத்திய பிறகு. உச்ச நீளமும் வெட்டும் நீளமும்: .223 ரெமிங்டன் 1.760, 1.750; .308 வின்செஸ்டர் 2.015, 2.005; .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 2.494, 2.484. உச்சத்தைத் தாண்டிய உறையின் வாய் சேம்பரின் கழுத்து முனையில் நெரிந்து குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபடாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வெட்டியதும் உள்வாயையும் வெளிவாயையும் லேசாகச் சரித்து விடுங்கள். லேசாக என்றால் லேசாகத்தான். கத்திமுனைபோல் ஆக்கினால் அடுத்த பிளவு அங்கிருந்தே தொடங்கும்.


அறிகுறி: உறை டைக்குள் சிக்கிக்கொண்டது

பலம் போடுவதை உடனே நிறுத்துங்கள். இன்னும் இழுத்தால் விளிம்பு கிழிந்து வேலை இரட்டிப்பாகும்.

பிரைமர் தட்டப்பட்டுவிட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். உயிருள்ள பிரைமர் மேல் டிரில் வைக்கக் கூடாது. பிரைமரைத் தட்டி எடுக்கும் டிகேப்பிங் தண்டை மேலே எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகி ஏற்றுங்கள். பிரைமர் குழி வழியாக 5.1 மில்லிமீட்டர் டிரில்லால் துளையிட்டு, கால் அங்குலம் 20 மரை டேப் போடுங்கள். டையின் வாய்மேல் உறையை விட அகலமான ஒரு சாக்கெட்டைக் கவிழ்த்து, மேலே வாஷர் வைத்து, அந்த மரைக்குள் ஒரு திருகு போல்ட்டை இறக்கி ஸ்பேனரால் திருகினால் உறை தானாக வெளியே வரும். டையின் உட்புறத்தில் பித்தளைக் கோடுகள் ஒட்டியிருந்தால் மெல்லிய மெட்டல் பாலிஷ் தொட்ட துணியால் தேய்த்து எடுத்துவிடுங்கள்; விட்டால் அடுத்த உறையும் அங்கேயே சிக்கும்.

காரணம் அநேகமாக மசகுதான். ஸ்பிரே பண்ணிய மசகில் ஆல்கஹால் ஆவியாகுமுன் அழுத்தியிருப்பீர்கள். லானோலின் ஒரு பங்கு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 10 முதல் 12 பங்கு சேர்ந்த கலவை நன்றாக வேலை செய்யும், ஆனால் தெளித்து உருட்டி ஐந்து நிமிடமாவது விட வேண்டும். மெழுகு வகையானால் விரலில் தொட்டு உடலில், குறிப்பாக அடிப்பக்கம், மெல்லிய படலமாக. பிஸ்டல் டைகளில் கார்பைடு வளையம் இருந்தால் மசகு வேண்டாம் என்ற பழக்கத்தை ரைஃபிளுக்குக் கொண்டுவராதீர்கள். ரைஃபிள் கார்பைடு டைக்கும் மசகு வேண்டும்.

வேலை முடிந்ததும் மசகை முழுதாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள உறை சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். முழு உந்தமும் போல்ட்டில் விழும்.


சிறு தொல்லைகள்

தோளில் வட்டமான பள்ளம்: மசகு அதிகம். எண்ணெய் போக இடமில்லாமல் தோளை அமுக்குகிறது. தோளில் தடவாதீர்கள், டையின் காற்றுத்துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பள்ளம் சிறிதானால் சுட்டதும் நிமிர்ந்துவிடும். மடிப்பாக விழுந்திருந்தால் வேண்டாம்.

உடலில் நெடுக்குக் கீறல், எல்லா உறையிலும் ஒரே இடத்தில்: டைக்குள் ஒரு மணல் துகளோ பித்தளைத் துணுக்கோ. மண்ணில் விழுந்த உறையைக் கழுவாமல் அழுத்தியதன் பலன்.

உடலில் நெடுக்கு வெடிப்பு: உறைச் செய்முறைக் குறை, அரிப்பு, அல்லது மிகப் பழைய உறை. ஒன்றிரண்டானால் தூக்கிப் போட்டுவிட்டு நகருங்கள். கட்டு முழுதும் வந்தால் சேம்பரை அளக்கக் கொடுங்கள்.

தோட்டா உருட்டும்போது குண்டு தள்ளாடுகிறது: டையில் உருண்டை கோணலாகப் பூட்டப்பட்டிருக்கும். தண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, உறையை உள்ளே அனுப்பி, ராமை இறக்கும்போது உருண்டை கழுத்துக்குள் இருக்கும் நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். பல நேரம் இவ்வளவே போதும். எஃகு ஊசிகளோடு ஈரமாகக் கழுவிய உறைகளில் உட்கழுத்து கரியே இல்லாமல் பிசுபிசுப்பாகப் பிடிக்கும். அங்கே கிராஃபைட் தூளைத் தவிர்க்க முடியாது.

புதுப் பிரைமர் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போகிறது: பிரைமர் குழி விரிந்துவிட்டது. டை எதுவும் அந்த இடத்தைத் தொடுவதில்லை, எனவே ரீசைசிங்கில் இதற்குக் காரணமும் இல்லை, தீர்வும் இல்லை. அழுத்தம் மிகுந்த தோட்டாக்கள் அடியை விரித்திருக்கின்றன. உறையை இடுக்கியால் நசுக்கி, யாரும் மறுபடி எடுக்காதபடி போடுங்கள். மீதிக் கட்டுக்கு மருந்தளவை அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள்.